மெஷின் நடக்கட்டும்

காலை ஒன்பதே காலுக்குள் என் தம்பிக்குக் காபி கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கொடுத்தால், மெஷினில் ஏற்றும்போது பெல்ட் வயிற்றை அழுத்தி ஓங்கரிப்பான். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கூடவே இருந்தால் தெரிந்துவிடும்.

இப்போது அவனுக்குக் காபி இல்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறது. கஞ்சித் தண்ணீர்தான். ஆனாலும் அந்த நேரத்துக்கு என் கை டிகாக்‌ஷன் இறக்கிவிடுகிறது. நீங்கள் வந்ததால் வீணாகவில்லை. சர்க்கரை குறைவாக இருந்தால் சொல்லுங்கள்.

சீருடை இல்லாமல் வந்ததற்கு நன்றி. எஸ்.எஸ். காலனியில் ஒரு காக்கிச் சட்டை நுழைந்தால் அடுத்த பண்டிகை வரைக்கும் பேசுவார்கள். சப்-இன்ஸ்பெக்டர் சோலையம்மாள் என்று சொன்னீர்கள். நான் பட்டு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். உள்ளறையில் படுத்திருப்பவன் என் தம்பி அனந்தபத்மநாபன். மின்வாரியத்தில் கணக்கு அதிகாரியாக இருந்தான். நான் அவனை அனந்து என்று கூப்பிடுவேன்.

வாசலில் நின்றபடியே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

“சாருக்கு மாத்திரையெல்லாம் யாரும்மா எடுத்துக் குடுப்பாங்க?”

நான்தான். ஆனால் அதை மட்டும் சொன்னால் உங்களுக்குப் பாதிதான் தெரியும். எனக்குப் பாதி இணைப்பு கொடுத்துப் பழக்கமில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. யாரும் தடுக்கவில்லை. யாரும் முயற்சி செய்யவும் இல்லை. அனந்துவின் மனைவி காலமானபோது அவன் பெண் பிருந்தா காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். நான் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தேன். வீடு அவன் பெயரில் இருக்கிறது. சமையலறை என் பெயரில் இருக்கிறது என்று அவன் சொல்வான். அதுதான் அவனுடைய ஒரே வேடிக்கைப் பேச்சு. வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். பிருந்தா கல்யாணமாகிப் புனேக்குப் போனாள். நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். சண்டை கிடையாது.

போன ஆடியில் குளியலறையில் விழுந்தான். அவன் இதயம் தாளம் தப்பி அடிக்கிறது, அதனால் ரத்தத்தில் கட்டி உண்டாகி மூளைக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். வலது பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. செய்தித்தாளைத் தலைகீழாகக் கொடுத்தால் முறைப்பான். ஆனால் வாயில் ஒரே ஒரு சொல்தான் மிச்சமிருந்தது.

“அக்கா.”

தண்ணீர் வேண்டுமென்றாலும் அக்கா. வேண்டாமென்றாலும் அக்கா. வலித்தால், கோபம் வந்தால், பிருந்தா வீடியோவில் தெரிந்தால், எல்லாவற்றுக்கும் அக்கா. சிலருக்கு அப்படி ஒரு சொல் நின்றுவிடும் என்றார் டாக்டர். எந்தச் சொல் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

ஒருவர் சொல்வதை இன்னொருவரிடம் சேர்ப்பதுதான் நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்த வேலை. அவன் அக்கா என்பான். நான் மற்றவர்களுக்கு அர்த்தம் சொல்வேன். நம் ஊரில் டாக்டர்களும் நோயாளியிடம் பேசுவதில்லை. கூட வந்தவரைப் பார்த்துத்தான் பேசுவார்கள். “நேத்து தூங்கினாரா?” என்று என்னைக் கேட்பார்கள். அவன் நடுவில் படுத்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பான். நான் சொன்னதுதான் அவன் சொன்னது. அதில் யாருக்கும் சங்கடம் இருக்கவில்லை.

பிருந்தாதான் அந்த மையத்தைக் கண்டுபிடித்தாள். அவனியாபுரம் தாண்டி, விமான நிலையம் போகும் வழியில் இருக்கிறது. அங்கே நடக்க வைக்கும் ரோபோ இருக்கிறது என்றாள். ரோபோ என்றதும் தலையும் கண்ணும் இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு இரும்புக் கால்கள் மட்டும்தான். நோயாளியின் கால்களை அவற்றோடு சேர்த்துப் பட்டை போட்டுக் கட்டுவார்கள். மேலேயிருந்து ஒரு கச்சை அவனை ஊஞ்சல் மாதிரி தூக்கிப் பிடிக்கும். கீழே தரை ஓடும். இரும்புக் கால்கள் நடக்கும், அவற்றோடு அவன் கால்களும் நடக்கும். சுவாமியை வாகனத்தில் வைத்துக் கட்டுவது போல இருந்தது. எதிரே ஒரு திரையில் பச்சைக் கோடு. நோயாளி தானாகக் காலை உந்தினால் கோடு உயரும். சும்மா தொங்கினால் விழுந்துவிடும். கோடு உயர உயர மெஷினின் உதவியைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். ஒரு நாள் மெஷினே வேண்டியிருக்காது.

இதையெல்லாம் விளக்கியவள் ஜெனி. அங்கே பிசியோதெரபிஸ்ட். சின்னப் பெண். நல்ல பெண். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

“மெஷின் சும்மா வழிகாட்டும் சார். நடக்க வேண்டியது நீங்கதான். ஓசிச் சவாரி கிடையாது, சரியா?” என்பாள் அவனிடம்.

அவன் சிரித்தான். விழுந்த பிறகு அன்றுதான் முதலில் சிரித்தான். “அக்கா” என்றான் அவளைப் பார்த்து.

முதல் வாரங்களில் கோடு உயர்ந்தது. பிருந்தா புனேயிலிருந்து பேசினாள்.

“அத்தை, எங்க ஃப்ளாட் மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியுமே. அப்பா மட்டும் படியேற ஆரம்பிக்கட்டும், இங்கேயே அழைச்சுண்டு வந்துடறேன். எத்தனை நாள் அங்கேயும் இங்கேயும் மனசை வெச்சுண்டு இருக்கறது? வீட்டை வித்துடலாம்.”

“சரி” என்றேன்.

“உங்களுக்கும் பார்த்து வெச்சிருக்கேன் அத்தை. சோழவந்தான் பக்கத்துல, ஆத்தங்கரையோரம். ரொம்ப அமைதியான இடம். நம்ம சாப்பாடுதான். நீங்க ஒரு வேலையும் செய்ய வேண்டாம்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். அவள் பொய் சொல்லவில்லை. சுற்றிலும் வெற்றிலைக் கொடிக்கால். அமைதியாகத்தான் இருந்தது. மணி அடித்ததும் எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள். சமையலறைக்கு வெளியே ‘உள்ளே வரக் கூடாது’ என்று பலகை தொங்கியது. மேனேஜர் என்னிடம் கேட்டார், “உங்களுக்கு யார் இருக்காங்க?” நான் தம்பி இருக்கிறான் என்றேன். “அவர் எங்கே இருப்பார்?” என்றார். புனே என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு சாவியை எடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குக் கோபம் வரவில்லை. யோசித்தேன். மூன்றாவது மாடி. பக்கவாதம் வந்த மனிதன். அவசரப்பட்டு நடக்கவைத்து அங்கே ஏற்றி, ஒரு நாள் படியில் உருண்டால் யார் பொறுப்பு? பிருந்தா வேலைக்குப் போகிறவள். அவனுடைய அக்கா என்ற சொல்லுக்கு அங்கே யார் அர்த்தம் சொல்வார்கள்? எல்லோரும் அவனுடைய காலைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். நான் மனிதனைப் பற்றிக் கவலைப்பட்டேன்.

அடுத்த நாள் காபி கொடுக்கும்போது அவன் காதருகே குனிந்து சொன்னேன்.

“அனந்து, மெஷின்ல காலைத் தள்ளாதே. தள்ளினா அன்னிக்கு வந்த மாதிரி இன்னொண்ணு வரும்னு டாக்டர் என்கிட்ட சொல்லியிருக்கார். உன்கிட்ட சொன்னா பயப்படுவேன்னு சொல்லலை. சுவாமி என்ன தானா நடக்கறாரா? தூக்கறவாதான் நடக்கறா. நீ சும்மா இரு. மெஷின் நடக்கட்டும்.”

அவன் என்னைப் பார்த்தான். “அக்கா?” என்றான்.

“ஆமாம்” என்றேன்.

அவன் சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். அப்பா திட்டினால் என் பாவாடைக்குப் பின்னால்தான் நிற்பான். அக்கா சொன்னால் அது நடக்கும் என்று நம்புகிறவன். ‘நீங்கள் அப்படிச் சொன்னீர்களா’ என்று டாக்டரைக் கேட்க அவனுக்கு வாய் இல்லை. கேட்டிருந்தாலும், டாக்டர் பதிலை என்னிடம்தான் சொல்லியிருப்பார்.

அன்று கோடு விழுந்தது. துவைத்து உதறிய வேஷ்டி மாதிரித் தொங்கினான். ஜெனி மெஷினைத் தட்டிப் பார்த்தாள். பட்டைகளை அவிழ்த்துக் கட்டினாள். பிறகு, வழக்கம் போல, என்னிடம் வந்தாள்.

“என்னம்மா ஆச்சு சாருக்கு? நேத்து வரைக்கும் நல்லாத்தானே உந்துனாரு. மனசு கினசு சரியில்லையா?”

“பெண்டாட்டி ஞாபகம்” என்றேன். “சாயங்காலமானா அழறான்.”

அவன் மேலே தொங்கியபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அழுததே இல்லை. “அக்கா” என்றான். ஜெனி என்னைப் பார்த்தாள். “ஆமாங்கறான்” என்றேன்.

தினமும் காபியோடு அதே சொற்களைச் சொன்னேன். மருந்து மாதிரிதான். ஒரு வேளை தவறினால் பலன் போய்விடும். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. பிருந்தா வீடு விற்கும் பேச்சை எடுக்கவில்லை. எங்களை அழைத்துப்போகும் ஆட்டோ ராம்கி மட்டும் கேட்பான்.

“மாமி, இம்புட்டுப் பெரிய மெஷினு, சாரை இன்னும் கீழ எறக்கி விட மாட்டேங்குதே? எனக்கென்ன, சார் நடந்துட்டா என் வண்டிக்கு யாரு வருவா? சும்மா சொன்னேன் சார், கோவிச்சுக்கிராதீங்க. நீங்க நடந்தீங்கன்னா நானே கெடா வெட்டுவேன். அட, நீங்க சைவம்ல... தேங்கா ஒடைக்கிறேன்.”

அனந்து நடக்காமல் இருப்பதை வைத்து வேடிக்கை பேசக்கூடியவன் ராம்கி ஒருவன்தான். அனந்துவுக்கும் அவனைப் பிடிக்கும்.

மார்கழியில் எனக்குக் கண்புரை அறுவை. தள்ளிப்போட முடியவில்லை. சில நாள் நான் கூடப் போகக் கூடாது என்றார்கள். ராம்கி கூட்டிப்போனான். காபியோடு சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் அனுப்பினேன். ஆனால் அங்கே ஜெனியிடம் பதில் சொல்ல ஆள் இல்லை. எனவே அவள் நோயாளியிடமே பேசியிருக்கிறாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவனுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு, ஆமாம் என்றால் ஒரு அழுத்து, இல்லை என்றால் இரண்டு என்று சொல்லியிருக்கிறாள். அழ வருகிறதா? இல்லை. வலிக்கிறதா? இல்லை. பயமா? ஆமாம். இன்னொன்று வந்துவிடும் என்று பயமா? ஆமாம். யாராவது சொன்னார்களா? அதற்கு மட்டும் அவன் கையை அழுத்தவில்லையாம். இதை ஜெனி பிற்பாடு என்னிடமே சொன்னாள். அந்த இடத்தில் அவள் குரல் கொஞ்சம் மாறியது.

உந்தினால் ஒன்றும் வராது, உந்தாவிட்டால்தான் கால் வீணாகும் என்று அவனிடம் அடித்துச் சொல்லியிருக்கிறாள்.

அன்று ராம்கி வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான். “மாமி, சார் பின்னிட்டாரு! அந்தப் பச்சைக் கோடு உச்சிக்குப் போயிருச்சு. ஜெனியக்கா கை தட்டுது!”

எனக்குக் கண்ணில் கட்டு. அவனைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. “தள்ளினியா?” என்று கேட்டேன்.

“அக்கா” என்றான்.

அந்தச் சொல்லை நான் அதுவரை ஆயிரம் விதமாகக் கேட்டிருக்கிறேன். அன்று சொன்னதை மட்டும் நான் யாருக்கும் மொழிபெயர்க்க மாட்டேன். நான் பொய் சொன்னேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவனிடம் நான் பொய் சொல்லி மாட்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு நான் காதருகே குனிந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். கோடு தினமும் ஏறியது. மெஷினின் உதவியைப் பாதியாகக் குறைத்தாள் ஜெனி. பிறகு இன்னும் குறைத்தாள். பொங்கலன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு என்று பாதையை அடைத்திருந்தார்கள். மையம் இல்லை. அன்று அவன் வாக்கரைப் பிடித்து, என்னைக் கூப்பிடாமல், இந்தக் கூடத்தைக் கடந்து வாசல் வரைக்கும் போய் நின்றான். ராம்கி பொங்கல் இனாம் வாங்க வந்திருந்தான். வாசல் படியிலேயே தேங்காயை உடைத்தான். சில்லு இந்தக் கதவு வரைக்கும் தெறித்தது. பிருந்தா வீடியோவில் அழுதாள். பங்குனியில் வந்து அழைத்துப்போவதாகச் சொன்னாள். சோழவந்தானுக்கு முன்பணம் கட்டிவிட்டதாகவும் சொன்னாள்.

அன்று நான் சர்க்கரைப் பொங்கல் செய்தேன். நன்றாக வந்திருந்தது.

இனி மாத்திரைக்கு வருகிறேன். காபி ஆறிவிட்டது, வேறு தரட்டுமா? சரி.

ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். தவறினால் இன்னொன்று வரும் என்றார். பார்த்தீர்களா, நான் சொன்னது முழுப் பொய் இல்லை. இன்னொன்று வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதனால் வரும் என்பதில் மட்டும் நான் கொஞ்சம் மாற்றியிருந்தேன்.

அந்த மாத்திரையும் எனக்கு எழுதிக்கொடுத்த சத்து மாத்திரையும் ஏறக்குறைய ஒரே அளவு. தை பிறந்ததிலிருந்து என்னுடையதை அவனுக்குக் கொடுத்தேன். என் எலும்புக்கும் அது தேவைதான். விட்டுக்கொடுத்தேன்.

அவன் கணக்குப் பார்த்தவன். முதல் நாள் உள்ளங்கையில் இருந்த மாத்திரையைப் பார்த்தான். நிறம் கொஞ்சம் வேறு. பிறகு என்னைப் பார்த்தான்.

“அக்கா?” என்றான்.

“கம்பெனி மாத்தியிருக்கா. அதேதான்” என்றேன்.

கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு வாயில் போட்டுத் தண்ணீருக்குக் கையை நீட்டினான். மெஷின் விஷயத்தில் என்னை நம்பாமல் போனவன், மாத்திரை விஷயத்தில் நம்பினான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு நிறைகிறது.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். அவன் நன்றாகவே நடந்தான். நான் நிறுத்தியிருக்கலாம். ஒவ்வொரு காலையும் அது எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு காலையும் வேறு வேலை இருந்தது.

மாசியில் ஒரு நாள், காபி டம்ளரை வாங்கக் கை நீட்டினான். கை பாதியில் நின்றது. டம்ளர் விழுந்தது. நான் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. அதை அவர்கள் பதிவில் பார்த்துக்கொள்ளலாம். நான் அவனைச் சாகவிட நினைத்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார். “மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களா? மாத்திரையே சாப்பிடாதவங்க ரத்தம் மாதிரி இருக்கே” என்றார். கொடுத்தேன் என்றேன். அவர் அதை நம்பினார். என்னோடு சேர்ந்து அவனைப் பார்க்க வந்திருந்த ஜெனி நம்பவில்லை. அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்ப் பிருந்தாவுக்குப் போன் செய்தாள். அது அவள் கடமை. நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிருந்தா இன்று மாலை விமானத்தில் வருகிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வீட்டுக்கு அனுப்பிய இந்த இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. வந்தால் பேசுவாள். அவனை அழைத்துப்போக முடியாது என்று டாக்டர் அவளிடமும் சொல்லிவிட்டார். இனிப் படி, மாடி, லிஃப்ட் என்ற பேச்சு எழாது. அவனைத் திருப்பிப் போட ஆள் வேண்டும். குழாயில் கஞ்சி ஊற்ற ஆள் வேண்டும். வீட்டை விற்க முடியாது. நீங்கள் என்ன செய்தாலும் இது மாறப்போவதில்லை என்றுதான் சொல்கிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது நீங்கள் பேனாவை மூடிவிட்டுக் கேட்கிறீர்கள்.

“வயசாயிருச்சு, கண்ணு வேற ஆபரேஷன் பண்ணியிருக்கீங்க. மாத்திரை மாறிப்போயிருக்கும். அப்படித்தானம்மா?”

உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் அப்படி எழுத வேண்டாம். என் கண் நன்றாகத் தெரிகிறது. மாத்திரையை மாற்றியது நான். தெரிந்துதான் மாற்றினேன். அவனுடைய மாத்திரைகள் சமையலறை அலமாரியில், காபிப்பொடி டப்பாவுக்குப் பின்னால் இருக்கின்றன. எதையும் வீணாக்கும் பழக்கம் எனக்கில்லை. எடுத்துக்கொண்டு போங்கள். காலாவதியாகவில்லை.

எங்கள் வீட்டில் மரத்தில் ஒரு நடைவண்டி இருந்தது. அனந்து அதைப் பிடித்துக்கொண்டு நடை பழகும்போது நான் முன்னால் இருந்து பிடித்துக்கொள்வேன். “விட்டுடுடி, தானா நடக்கட்டும்” என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் ஒரு நாளும் விட்டதில்லை. ஒரு நாளும் அவன் விழுந்ததும் இல்லை. நான் செய்தது அவ்வளவுதான். வேறு பெயர் வைப்பது உங்கள் வேலை.

கஞ்சிக்கு நேரமாகிவிட்டது. ஐந்து நிமிஷம் ஆகும். நீங்களும் உள்ளே வந்து பார்க்கலாம். செருப்பை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.

இவன்தான் அனந்து. கண்ணைத் திறந்திருக்கிறான் பாருங்கள். நான் எங்கே நின்றாலும் பார்வை அங்கே வரும். இரண்டாவது வந்ததில் அந்த ஒரு சொல்லும் போய்விட்டது. இனி நான் யாருக்கும் எதையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. தலையை இப்படி உயர்த்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். குனிந்துதான் பேச வேண்டும், காது கேட்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிறகு உங்களோடு வருகிறேன்.

“அனந்து, இன்னொண்ணு வரும்னு அக்கா உன்கிட்ட சொன்னேனா இல்லையா?”